விறகு பிளக்கப் பழகலாம்: பெரிய கட்டையிலிருந்து சிறு சிம்பு வரை

முதன்முதலில் கோடாலி பிடிக்கிறவர்கள் பெரும்பாலும் கட்டையின் நட்டநடுவில் ஓங்கிப் போடுவார்கள். கோடாலி சிக்கிக்கொள்ளும். அதைப் பிடுங்குவதிலேயே பாதித் தெம்பு போய்விடும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். கட்டை எந்த இடத்தில் விட்டுக்கொடுக்கும் என்று பார்க்கத் தெரிந்தால் வேலை பாதியாகக் குறையும்.

1. நீளத்தைக் குறையுங்கள்
மரத்தை ரம்பத்தால் ஓரடி முதல் ஒன்றேகால் அடி வரையான துண்டுகளாக அறுத்துக்கொள்ளுங்கள். குறுக்கே வெட்டும்போது நாரை அறுக்க வேண்டும். பிளக்கும்போது நாரைப் பிரித்தால் போதும். குட்டைத் துண்டு சீக்கிரம் பிரியும். அறுத்த முகம் சமமாக இருந்தால்தான் ஆடாமல் நிற்கும்.

2. இடமும் கருவியும்
முழங்கால் உயரத்துக்குச் சற்றுக் குறைவான அகன்ற அடிக்கட்டை ஒன்று வேண்டும். வெறும் தரையில் வைத்து வெட்டினால் கோடாலி மண்ணில், கல்லில் பட்டு மழுங்கும். மூடிய காலணியும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்தில் யாரும், குறிப்பாகக் குழந்தைகள், நிற்கக் கூடாது. கோடாலித் தலை காம்பில் ஆடுகிறதா? சரிசெய்யும் வரை தொடாதீர்கள்.

3. கட்டையின் முகத்தைப் பாருங்கள்
இதற்கு ஒரு நிமிடம் செலவிடுங்கள். காய்ந்த கட்டையின் அறுத்த முகத்தில், நடுவிலிருந்து விளிம்பை நோக்கி மயிரிழை போல வெடிப்புகள் ஓடும். காயும்போது மரமே போட்டுக்கொடுத்த கோடு அது. அதன் மேலேயே அடியுங்கள். அப்புறம் கணு. கிளை முளைத்த இடத்தில் நார் வளைந்து பின்னியிருக்கும். கணுவை அடிப்பக்கம் வரும்படி வைத்து, அதை ஒதுக்கிப் பிளக்கப் பாருங்கள். கணு நிறைந்த கட்டையோடு மல்லுக்கட்ட வேண்டாம், முழுசாகவே எரிக்கலாம்.

4. அடி
கால்களைத் தோள் அகலத்துக்கு விரித்து நில்லுங்கள். ஒரு கை காம்பின் நுனியில், மற்றது தலைக்கு அருகில். கோடாலி இறங்கும்போது மேல்கை வழுக்கிக் கீழ்க்கையோடு சேரட்டும். முழங்காலைக் கொஞ்சம் மடக்குங்கள். குறி தப்பினாலும் காலுக்கு வராமல் அடிக்கட்டையில் இறங்க அது உதவும். பார்வை அடிக்கும் இடத்திலேயே இருக்கட்டும். பருத்த கட்டையென்றால் விளிம்பிலிருந்து தொடங்கி, சுற்றிச் சுற்றித் துண்டு துண்டாகக் கழற்றுங்கள்.

5. சிக்கிக்கொண்டால்
காம்பை மேலும் கீழுமாக அசைத்து எடுங்கள். கோடாலியின் பின்புறத்தில் சம்மட்டியால் அடிக்காதீர்கள். காம்பு நுழையும் துளை விரிந்துவிடும். அந்த வேலைக்கு இரும்பு ஆப்பு இருக்கிறது.

6. சிறு சிம்புகள்
தீ பற்றவைக்கக் கட்டைவிரல் கனமுள்ள சிம்புகள் வேண்டும். இதற்கு ஓங்கவே வேண்டாம். நேரான நாருள்ள துண்டை நிறுத்தி, அதன் தலையில் கைக்கோடாலியையோ வெட்டரிவாளையோ வைத்து, முதுகில் ஒரு மரக்கட்டையால் தட்டுங்கள். துண்டு சாய்ந்தால் விரலால் பிடிக்காமல் ஒரு குச்சியால் முட்டுக்கொடுங்கள்.

7. காயவிடுங்கள்
பட்டை ஈரத்தை வெளியே விடாது. பிளந்த விறகு சீக்கிரம் காய்வது அதனால்தான். தரையில் படாமல், காற்றுப் புகும்படி அடுக்கி, மேலே மட்டும் மூடுங்கள். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் புகை குறைவாக எரியும். இரண்டு துண்டுகளை மோதிப் பாருங்கள்: காய்ந்தது 'டங்' என்று கணீரென ஒலிக்கும், ஈரமானது 'தொப்' என்று அமுங்கும்.