உப்பில் கஞ்சத்தனம், பாட்டிலில் ஊதாரித்தனம்: வற்றல், ஊறுகாய் போடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொல்லையில் ஒரு சுண்டைச் செடி, ஒரு நார்த்தை மரம், மாடியில் பத்துத் தொட்டி மிளகாய். இவ்வளவு இருந்தால் வருஷம் முழுக்க வற்றலும் ஊறுகாயும் கடையில் வாங்க வேண்டாம் என்று கணக்குப் போட்டுத்தான் நானும் ஆரம்பித்தேன். முதல் வருஷம் கடைசியில் கையில் நின்றது பூசணம் பூத்த இரண்டு ஜாடி. மிச்சம் பிடிக்கப் போய் உப்பு, எண்ணெய், கேஸ், ஒரு வாரப் பாடு எல்லாவற்றையும் குப்பையில் கொட்டினேன். யோசித்துப் பார்த்தால், கையை இறுக்கக் கூடாத இடத்தில் இறுக்கியிருக்கிறேன், இறுக்க வேண்டிய இடத்தில் தாராளமாக இருந்திருக்கிறேன்.

உப்பிலிருந்து தொடங்கலாம். ‘வீட்டில் பிரஷர்காரர் இருக்கிறார், பாதி உப்பு போதும்’ என்று போட்ட நார்த்தங்காய்தான் எனக்கு முதலில் கெட்டது. ஊறுகாயில் உப்பு ருசிக்கு மட்டும் இல்லை. காயிலிருக்கும் நீரை வெளியே இழுத்து, கிருமி பெருக விடாமல் தடுப்பதும் அதுதான். ஒரு கிலோ மாங்காய்த் துண்டுக்கு 150 முதல் 200 கிராம் கல் உப்பு பிடிக்கும். கேட்டால் மலைப்பாக இருக்கும், ஆனால் அந்த ஜாடியிலேயே விலை குறைந்த சரக்கு உப்புதான். அதில் மிச்சம் பிடித்து என்ன ஆகப் போகிறது? உப்பு ஆகாதவர் தொட்டுக்கொள்ளும் அளவைக் குறைக்கட்டும். இல்லையென்றால் கால் கிலோ அளவில் தனியாக உப்புக் குறைத்துப் போட்டு, ஃப்ரிட்ஜில் வைத்து, சீக்கிரம் தீர்த்துவிடுங்கள்.

அடுத்தது வெயில். இது இலவசம்தான், ஆனால் நமக்கு வேண்டிய நேரத்தில் வராது. பங்குனி, சித்திரையில் செய்ய வேண்டியதை நான் ஐப்பசியில் செய்தேன், செடி அப்போதுதான் கொத்துக் கொத்தாகக் காய்த்தது என்பதற்காக. சுண்டைக்காயை ஒவ்வொன்றாக நசுக்கி, தண்ணீரில் அலசி விதையைப் போக்கி, உப்புப் போட்ட புளித்த மோரில் ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டும். காலையில் காயை வடித்து வெயிலில் பரப்பி, சாயங்காலம் திரும்பவும் அதே மோரில் போட வேண்டும். மூன்று நான்கு நாளில் காய் மோரையெல்லாம் குடித்துவிடும். அதற்குப் பிறகு வெறும் வெயில்தான். எனக்கு இரண்டாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. ஈரக் காயை ஃபேனுக்குக் கீழே பரப்பி வைத்தேன், மூன்றாம் நாள் சாம்பல் நிறத்தில் மெல்லிய ரோமம் கட்டியிருந்தது. இப்போதெல்லாம் மழைக்காலத்துச் சுண்டைக்காய் அன்றன்றைக்கே வத்தக்குழம்புக்குப் பச்சையாகப் போய்விடும், வற்றலுக்கு வெயில்காலத்துக் காய்தான்.

நல்ல வெயிலிலும் சறுக்கும் இடங்கள் உண்டு. பிளாஸ்டிக் ஷீட்டில் பரப்பினால் அடியில் வியர்க்கும், பழைய வேட்டியோ பாயோ நல்லது. பொழுது சாய்வதற்குள் உள்ளே எடுத்துவிட வேண்டும், பனி இறங்கினால் அன்று காய்ந்தது வீண். காய்ந்த சூட்டோடு டப்பாவில் அடைக்கவும் கூடாது. ஆறவிட்டுத்தான் மூட வேண்டும், இல்லாவிட்டால் மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோக்கும். கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும். ஒன்றை உடைத்தால் படக்கென்று உடைய வேண்டும், வளைந்தால் இன்னும் இரண்டு வெயில் பாக்கி. கறிவேப்பிலை, முருங்கைக் கீரைக்கு மட்டும் இது பொருந்தாது. அவற்றை நிழலில் உலர்த்தினால்தான் நிறமும் மணமும் நிற்கும்.

பூசணம் பூத்ததைத் துடைத்துவிட்டுப் பயன்படுத்துவது பலர் வீட்டில் நடக்கிறது. மேலே தெரியும் பூசணத்தைத் தட்டிவிட்டு மிளகாய் வற்றலையும் வேர்க்கடலையையும் மறுபடி வெயிலில் போடுவார்கள். அதில் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு இருக்கலாம். கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோய்க்கும் வழிவிடும். வெயிலுக்கும் வறுவலுக்கும் அது முழுதாகப் போகாது. மனசு வராதுதான், ஆனாலும் கொட்டிவிடுங்கள்.

இதைவிடப் பயப்பட வேண்டிய தவறு ஒன்று, வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து வந்தது. பீன்ஸ், கேரட், சோளத்தைத் தண்ணீரோடு கண்ணாடி பாட்டிலில் அடைத்து, கொதிக்கும் தண்ணீரில் வைத்து மூடிவிட்டால் வருஷக்கணக்கில் இருக்கும் என்று நினைப்பது. பாட்டுலிசம் என்ற, உயிரையே பறிக்கக்கூடிய உணவு நஞ்சேற்றத்தை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் 100 டிகிரி கொதியில் சாவதில்லை. காற்றுப் புகாத, புளிப்பில்லாத பாட்டிலுக்குள் அவை முளைத்து நஞ்சு கக்கும். வாடையோ நிறமோ மாறாமலேகூட இருக்கலாம். அந்த நாடுகளில் இதற்கென்றே உள்ள அழுத்தப் பாத்திரத்தில் சுமார் 116 முதல் 121 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். நம் குக்கர் அந்த வேலைக்குச் செய்ததல்ல, நான் முயல மாட்டேன். பச்சைப் பூண்டை எண்ணெயில் போட்டு அலமாரியில் வைப்பதும் இதே ரகம். நம் ஊறுகாய் தப்பிப்பது உப்பாலும் புளிப்பாலும்தான்: எலுமிச்சை, மாங்காய், புளி. வினிகரிலும் ஒரு விஷயம் உண்டு. அமெரிக்கக் குறிப்புகள் 5 சதவீத வினிகரை மனதில் வைத்து எழுதியவை, நம் மளிகைக் கடையில் கிடைப்பது பெரும்பாலும் 4 சதவீதம். அதிலும் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்தால் புளிப்பு எங்கே நிற்கும்?

சரி, கையை இறுக்க வேண்டிய இடங்களுக்கு வருவோம். நான் ஆரம்பத்திலேயே ஒரு டஜன் புதுக் கண்ணாடி பாட்டில் வாங்கினேன். காய் உலர்த்தும் மின்சாதனம் வாங்கும் யோசனைகூட இருந்தது, மொட்டை மாடியை வைத்துக்கொண்டு! பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கொதிநீரில் கழுவிக் காயவைத்தால் போதும். உப்பும் புளிப்பும் அலுமினியத்தையும் தகர மூடியையும் அரிக்கும், அதனால் ஊறுகாய்க்குப் பீங்கான் ஜாடியில் வேடு கட்டி வைப்பதே சரி. மிஞ்சியதை உறையவைக்க இரண்டாவது ஃப்ரிட்ஜ் வாங்குபவர்கள் கரண்ட் பில்லையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். யூனிட் ஏற ஏற கட்டண விகிதமும் ஏறும்.

அழுகல் காயை ‘ஊறுகாய்க்குத்தானே’ என்று ஒதுக்குவது, ஈரக் கரண்டியைப் பெரிய ஜாடிக்குள் விடுவது, இரண்டும் எல்லோருக்கும் தெரிந்தவை. தெரிந்தும் செய்கிறோம். பெரிய ஜாடியிலிருந்து வாரத்துக்கு வேண்டியதைச் சின்னதில் மாற்றிக்கொண்டால் இரண்டாவதாவது நிற்கும்.

அப்புறம், காய்த்ததையெல்லாம் பதப்படுத்தியே தீர வேண்டும் என்று ஒரு வெறி வரும். தக்காளித் தொக்குக்கு நல்லெண்ணெய் எவ்வளவு பிடிக்கும், கேஸ் எவ்வளவு நேரம் எரியும் என்று பார்த்தால், தக்காளி மலிந்த நாளில் அது நஷ்டக் கணக்கு. இந்தத் தடவை கத்தரிக்காய் மிதமிஞ்சிக் காய்த்தது. பாதியை நறுக்கி, உப்புத் தண்ணீரில் ஒரு கொதி விட்டு வற்றல் போட்டேன். மீதி பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போனது. நாலு நாள் கழித்து அவர் வீட்டு மரத்துப் புளி ஒரு முறம் நிறைய வந்தது. கொட்டை எடுத்து, கல் உப்புக் கலந்து, காலியாக நின்ற நார்த்தங்காய் ஜாடியில் அடைத்து வைத்திருக்கிறேன்.