இதயத்துடிப்பும் நெடுந்தொலைவு ஓட்டமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நெடுந்தொலைவு ஓட்டத்தைத் தொடங்குபவர்களில் பலர் முதல் மாதத்திலேயே இதயத்துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். வாங்கிய நாள் முதல் அதில் தெரியும் எண்ணைப் பார்த்துப் பெருமைப்படுகிறார்கள், அல்லது பயப்படுகிறார்கள். அதிகாலையில் என்னோடு ஓடுபவர்களிடம் நான் அடிக்கடி சொல்வது ஒன்றுதான்: அந்த எண்ணை உங்களுடைய பழைய எண்களோடு ஒப்பிட்டால் அது நிறையச் சொல்லும், அடுத்தவருடைய எண்ணோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் உங்களைத் திசைதிருப்பும்.

முதல் தவறு அளக்கும் நேரத்திலேயே நடந்துவிடுகிறது. காலைக் காபி குடித்துவிட்டு, மாடிப்படி ஏறி வந்து, நாற்காலியில் அமர்ந்ததும் எண்ணிப் பார்ப்பது ஓய்வுநிலைத் துடிப்பு ஆகாது. கண் விழித்தவுடன், படுக்கையை விட்டு எழாமல், கைப்பேசியைத் தொடாமல் எண்ண வேண்டும். இடது உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, கட்டைவிரலின் அடிப்பக்கமாக மணிக்கட்டில் வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெதுவாகப் பதித்தால் நாடி தெரியும். கட்டைவிரலால் தொட்டுப் பார்க்கக் கூடாது. அதிலும் நாடி துடிப்பதால் எண்ணிக்கை குழம்பும். 10 விநாடி எண்ணி 6-ஆல் பெருக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். ஒரே ஒரு துடிப்பைத் தவறவிட்டாலும் விடையில் 6 குறைந்துவிடும். முழு 60 விநாடியும் எண்ணுவதுதான் சரி.

இப்படிக் கிடைத்த எண்ணை அடுத்தவரோடு ஒப்பிடுவது இரண்டாவது தவறு. வளர்ந்தவர்களுக்கு நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பு என்று மருத்துவம் கொள்கிறது. தொடர்ந்து பயிற்சி செய்யும் நெடுந்தொலைவு வீரர்களுக்கு 40-களிலும் 50-களிலும் இருப்பது வழக்கம். பயிற்சியால் இதயத்தின் இடது கீழறை விரிந்து ஒரு துடிப்பில் கூடுதலான இரத்தத்தை வெளியேற்றுகிறது என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம். ஓய்வில் இருக்கும் உடலுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் இரத்தம் போதும். ஒரு துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் தள்ளும் இதயம் அதற்காக 70 முறைக்கு மேல் துடிக்க வேண்டியிருக்கும்; 100 மில்லிலிட்டர் தள்ளும் இதயத்துக்கு 50 முறை போதும். ஸ்பெயின் நாட்டுச் சைக்கிள் பந்தய வீரர் மிகேல் இந்துராயினுக்கு 28 துடிப்புகள் என்று சொல்லப்படுவதைப் படித்துவிட்டுத் தம் 62-ஐ எண்ணி வருந்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். அது வீண் கவலை. பரம்பரை, வயது, உடலமைப்பு எல்லாம் இந்த எண்ணைத் தீர்மானிப்பதால், 58 உள்ளவர் 48 உள்ளவரை எளிதாக முந்தி ஓடுவது உண்டு. அதே சமயம், குறைந்த துடிப்போடு தலைச்சுற்றலோ மயக்கமோ சேர்ந்து வந்தால், ‘நான் ஓட்டக்காரன், அப்படித்தான் இருக்கும்’ என்று தள்ளிவிடாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

ஒரே ஒரு நாளின் எண்ணைக் கொண்டு முடிவெடுப்பதும் தவறுதான். தூக்கம் குறைந்தாலும், இரவில் தாமதமாக வயிறு நிறையச் சாப்பிட்டாலும், மது அருந்தினாலும் மறுநாள் காலை துடிப்பு கூடும். காய்ச்சலில் உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் துடிப்பு ஏறக்குறைய 10 கூடும். ஒரு சிறிய நோட்டில் தினமும் குறித்து வந்தால் இரண்டு மூன்று வாரங்களில் உங்கள் வழக்கமான அளவு தெரிந்துவிடும். அதைவிட 7 அல்லது 8 கூடுதலாகத் தொடர்ந்து மூன்று நாள் இருந்தால், உடல் முந்தைய பயிற்சியிலிருந்து மீளவில்லை, அல்லது நோய் ஒன்று வந்துகொண்டிருக்கிறது என்று எடுத்துக்கொண்டு அன்றைய கடினமான பயிற்சியைக் கைவிடுவது நல்லது.

ஓடும்போது நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை, இதயம் எட்டக்கூடிய உச்சத் துடிப்பைக் கணிக்கச் சொல்லப்படும் ‘220-இல் இருந்து வயதைக் கழி’ என்ற கணக்கிலிருந்தே பிறக்கின்றன. 1971-இல் ஃபாக்ஸ் முதலான அமெரிக்க ஆய்வாளர்களின் கட்டுரை வழியே பரவிய இந்தக் கணக்கு, இதற்கென்றே நடத்திய ஆய்வின் முடிவு அல்ல. முன்பே வெளிவந்திருந்த சில ஆய்வுகளின் தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்துப் போட்ட தோராயக் கோடு. இதன்படி 45 வயதுக்காரரின் உச்சத் துடிப்பு 175. ஆனால் மனிதர்களுக்கிடையே 10 முதல் 12 துடிப்புகள் வரை கூடுவதும் குறைவதும் சாதாரணம் என்பதால், அதே வயதில் 163 உள்ளவரும் 187 உள்ளவரும் நலமாகவே இருப்பார்கள். 187 உள்ளவர் 175-ஐத் தம் உச்சம் என்று நம்பினால் வாழ்நாள் முழுக்கத் தேவைக்கு மெதுவாக ஓடுவார். 163 உள்ளவரோ எளிய ஓட்டம் என்று நினைத்துக்கொண்டு தினமும் தம்மை வதைத்துக்கொள்வார். 2001-இல் தனாகாவும் உடன் ஆய்வாளர்களும் தந்த ‘208-இல் இருந்து வயதின் 0.7 மடங்கைக் கழி’ என்ற கணக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, மேலானது: 60 வயதில் பழைய கணக்கு 160 என்றால் இது 166 என்கிறது. என்றாலும் இதுவும் சராசரிதான்.

சதவீதத்திலும் ஒரு குழப்பம் உண்டு. 70 சதவீத முயற்சியில் ஓடுங்கள் என்று பயிற்சித் திட்டம் சொன்னால், எதில் 70 சதவீதம் என்று கேட்க வேண்டும். உச்சம் 180, ஓய்வுநிலை 50 உள்ள ஒருவருக்கு உச்சத்தில் 70 சதவீதம் 126. பின்லாந்தின் கார்வோனென் 1957-இல் முன்வைத்த முறையிலோ உச்சத்துக்கும் ஓய்வுக்கும் இடையிலுள்ள 130-இல் 70 சதவீதமான 91-ஐ ஓய்வுநிலையோடு கூட்ட வேண்டும்; விடை 141. 15 துடிப்பு வித்தியாசம் என்பது நடைக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசமாகக்கூட இருக்கலாம்.

கடிகாரத்தை அப்படியே நம்புவதைப் பற்றி என் அனுபவத்தையே சொல்கிறேன். மார்கழிக் குளிரில் ஒரு நாள் கடற்கரைச் சாலையில் மிக நிதானமாக, பக்கத்தில் ஓடிய நண்பரோடு பேசிக்கொண்டே போனபோது என் கடிகாரம் 174 என்று காட்டியது. நின்று கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணினேன். 33 வந்தது, அதாவது நிமிடத்துக்கு 132. நான் நிமிடத்துக்கு எடுத்து வைத்த காலடிகள்தான் 174. இத்தகைய கடிகாரங்கள் பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, இரத்த ஓட்டத்தால் அது மாறுவதை வைத்துத் துடிப்பைக் கணிக்கின்றன. பட்டை தளர்ந்திருந்தாலோ குளிரில் தோலின் இரத்த ஓட்டம் குறைந்தாலோ கையின் ஆட்டத்தையே துடிப்பாக எண்ணிவிடும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் அகலம் மேலே இறுக்கமாகக் கட்டினால் ஓரளவு சரியாகும். இதயத்தின் மின்துடிப்பை நேரடியாக வாங்கும் மார்புப் பட்டை இன்னும் நம்பகமானது.

எண் சரியாகவே இருந்தாலும் அதன் பொருள் வெயிலில் மாறிவிடும். சித்திரை, வைகாசியில் சென்னையில் ஓடும் எல்லோரும் இதை அறிவார்கள்: 138-இல் தொடங்கிய ஓட்டம் வேகம் சற்றும் கூடாமலே 50 நிமிடத்தில் 152-ஐத் தொடும். உடலைக் குளிர்விக்க இரத்தம் தோலை நோக்கித் திரும்புகிறது. வியர்வையால் இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் அளவு குறைய, அதை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. காற்றில் ஈரப்பதம் மிகுந்த கடற்கரை ஊர்களில் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போவதால் உடல் குளிர்வதில்லை. துடிப்பு இன்னும் ஏறுகிறது. பயிற்சி வீணாகிவிட்டது என்று மனம் தளர வேண்டாம். மார்கழியில் ஓடிய வேகத்தையே பிடித்துக்கொண்டு ஓடவும் வேண்டாம். வேகத்தைக் குறைத்துத் துடிப்பை அதன் எல்லைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விடப் பரவலான தவறு, எல்லா நாளும் நடுத்தரக் கடுமையில் ஓடுவது. நார்வேயில் பணியாற்றும் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், உலகத் தரமான நெடுந்தொலைவு வீரர்களின் பயிற்சிகளில் ஏறத்தாழ 80 சதவீதம் எளிய முயற்சியில்தான் நடக்கின்றன என்று காட்டினார். நம்மிடையே எளிய நாளும் சற்றுக் கடினமாகிவிடுகிறது. அதனால் கடினமான நாளில் உடலில் தெம்பு இருப்பதில்லை. எளிய ஓட்டத்தில் மூச்சு வாங்காமல் ஒரு முழு வாக்கியத்தைப் பேச முடிய வேண்டும். முடியவில்லை என்றால், கடிகாரம் எந்தத் துடிப்பு மண்டலத்தை (எளிது, கடினம் என்று துடிப்பைப் பிரிக்கும் வரம்பை) காட்டினாலும் வேகம் அதிகம்.

30 அல்லது 40 விநாடி வேக ஓட்டங்களில் துடிப்பைப் பார்த்துப் பயனில்லை. இதயம் புதிய முயற்சிக்கு ஏற்ப நிலைபெற ஓரிரு நிமிடம் ஆகும். சைக்கிளிலும் நீச்சலிலும் உச்சத் துடிப்பு ஓட்டத்தைவிடப் பெரும்பாலும் குறைவு என்பதால் ஓட்டத்தின் எல்லைகளை அங்கே கொண்டுபோகக் கூடாது.

இரத்த அழுத்தத்துக்காக அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கு மேலே சொன்ன கணக்குகள் எவையும் பொருந்தா. அந்த மருந்துகள் துடிப்பு ஏறுவதையே தடுக்கின்றன. அவர்கள் பேச்சையும் மூச்சையும் அளவாகக் கொண்டு, எவ்வளவு ஓடலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். மாத்திரை உட்கொள்பவரானாலும் இல்லாதவரானாலும், ஓடும்போது நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், கண் இருட்டல் ஆகியவற்றில் எது வந்தாலும், கடிகாரத்தில் எண் சாதாரணமாகவே தெரிந்தாலும், அந்த இடத்திலேயே நின்று உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள், 108-ஐ அழையுங்கள்.