அயர்லாந்தைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அயர்லாந்து பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி இங்கிலாந்துக்காரர்கள் எழுதியதும் அமெரிக்கர்கள் கொண்டாடுவதும்தான். அந்த இரண்டையும் அப்படியே எடுத்துக்கொள்வதால்தான் இத்தனை தவறுகள் வருகின்றன.

எல்லாவற்றிலும் முதலில் விட வேண்டியது, அயர்லாந்தை பிரிட்டனின் ஒரு பகுதியாகப் பேசுவது. "லண்டன் பக்கம்தானே" என்று நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். ஒரு ஐரிஷ்காரர் எதிரில் சொன்னால் அவர் முகம் மாறும், அதற்கு நியாயமும் உண்டு. அந்தத் தீவில் 32 கவுண்டிகள், அதாவது நம் மாவட்டங்களைப் போன்ற பிரிவுகள். அவற்றில் 26 கவுண்டிகள் 1922-ல் பிரிந்து தனி அரசாயின. 1949-ல் காமன்வெல்த்தையும் விட்டு வெளியேறி முழுக் குடியரசானது அந்த நாடு. மீதி 6 கவுண்டிகள்தான் வட அயர்லாந்து, பிரிட்டிஷ் ஆட்சியில் இருப்பது. "வட" என்ற பெயரை வைத்துத் திசையை முடிவு செய்துவிடாதீர்கள். தீவின் வடகோடியான மலின் முனை இருப்பது குடியரசில்தான்.

இந்தக் குழப்பத்தால் நம்மவர்களுக்கு நிஜமான சிக்கலும் வரும். டப்ளினில் படிக்கப் போகும் மாணவர்கள் வார இறுதியில் பெல்ஃபாஸ்ட்டுக்குப் பேருந்து ஏறிவிடுவது எளிது. வழியில் சோதனைச் சாவடி எதுவும் கிடையாது. சாலையோரக் கோடு மஞ்சளிலிருந்து வெள்ளையாகும், பலகைகளில் கிலோமீட்டர் போய் மைல் வரும், அவ்வளவுதான் அடையாளம். ஆனால் நீங்கள் அப்போது வேறொரு நாட்டுக்குள் நுழைந்துவிட்டீர்கள். தடையில்லாமல் போய்வரும் உரிமை ஐரிஷ், பிரிட்டிஷ் குடிமக்களுக்குத்தான். இந்தியப் பாஸ்போர்ட்டில் அயர்லாந்து விசா மட்டும் வைத்திருப்பவர், அந்தப் பயணத்துக்குத் தன் விசா செல்லுமா என்று டிக்கெட் எடுக்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று, அயர்லாந்துக் குடியரசில் யூரோதான் பணம் என்றாலும், பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவை வைத்து அயர்லாந்துக்குள் போக முடியாது.

அடுத்தது பஞ்சம். "உருளைக்கிழங்கு அழுகியது, பத்து லட்சம் பேர் செத்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவதுதான் எனக்கு மிகவும் உறுத்தும் தவறு. 1845-ல் பயிரைத் தாக்கிய நோய் ஐரோப்பாவின் பிற நாடுகளிலும் பரவியது. ஆனால் அயர்லாந்து அளவுக்கு ஜனங்கள் வேறெங்கும் சாகவில்லை. ஏன் என்பதுதான் கேள்வி.

விவசாயி பயிரிட்ட ஓட்ஸும், வளர்த்த மாடும், எடுத்த வெண்ணெயும் நிலச்சுவான்தாருக்கான குத்தகையாகப் போயின. அவருக்கென்று மிஞ்சியது வீட்டை ஒட்டிய துண்டு நிலம். அவ்வளவு சின்ன இடத்தில் ஒரு குடும்பத்துக்குச் சோறு போடக்கூடிய பயிர் உருளைக்கிழங்கு ஒன்றுதான். உழைக்கும் ஆண் ஒருவர் ஒரு நாளில் ஐந்தாறு கிலோ கிழங்கும் கொஞ்சம் மோரும் சாப்பிட்டு வாழ்ந்தார். கிழங்கு போனதும் எல்லாமே போயிற்று. அப்போதும் துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்குக் கப்பலேறின. சந்தையில் அரசு கை வைக்கக்கூடாது என்பது லண்டனின் கொள்கை. 1847-ல் கஞ்சித்தொட்டி திறந்து, உச்சக்கட்டத்தில் தினமும் முப்பது லட்சம் பேருக்கு ஊற்றினார்கள். பசியைச் சமாளிக்க முடியும் என்று அது காட்டியது. ஆனால் சில மாதங்களில் அதை மூடிவிட்டார்கள். அதே ஆண்டு வந்த சட்டம், கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் இல்லை என்றது. சாப்பாடு வேண்டுமென்றால் நிலத்தை விட்டுவிடு என்பதுதான் அதன் பொருள்.

இதற்கு நேரெதிரான மிகையும் உண்டு. வெளியிலிருந்து உணவே வரவில்லை என்று எழுதுகிறார்கள். 1847-ல் தானிய இறக்குமதி ஏற்றுமதியைத் தாண்டியது உண்மை. மக்காச்சோளம் வந்து இறங்கியது, வாங்கத்தான் ஜனங்களிடம் காசு இல்லை. 1841-ல் எண்பது லட்சத்தைத் தாண்டியிருந்த தீவின் மக்கள்தொகை, பத்தே ஆண்டில் அறுபத்தைந்து லட்சமானது. இன்றுவரை பழைய எண்ணிக்கையை எட்டவில்லை. ஐரிஷ் மொழி பேசிய மேற்குப் பகுதிதான் அதிகம் செத்தது, அதிகம் கப்பலேறியது. அந்த மொழியின் வீழ்ச்சிக்கு இதுவும் பெரிய காரணம்.

அந்தப் பஞ்ச நிவாரணத்தை லண்டன் கருவூலத்திலிருந்து நடத்திய சார்லஸ் டிரெவெலியன் 1859-ல் சென்னை மாகாண ஆளுநராக வந்தவர். பிறகு 1876-ல் நம் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது அவர் பதவியில் இல்லை, ஆனால் அதே கொள்கை இருந்தது. லட்சக்கணக்கானவர்கள் இங்கே செத்துக்கொண்டிருக்க, இந்தியாவிலிருந்து தானியம் ஏற்றுமதியானது. ஐரிஷ் பஞ்சத்தை இயற்கைச் சீற்றம் என்று நாம் எழுதக்கூடாததற்கு இது ஒன்றே போதும்.

இதைப் படித்துவிட்டு ஐரிஷ்காரர்கள் எல்லோரும் நம்மைப்போல அடிமைப்பட்டவர்கள் மட்டுமே என்று நினைப்பதும் சரியல்ல. சாம்ராஜ்யத்தின் கையாளாகவும் பலர் இருந்தார்கள். ஜாலியன்வாலா பாக் படுகொலையின்போது பஞ்சாபின் துணைநிலை ஆளுநராக இருந்து அதை ஆதரித்த மைக்கேல் ஓட்வயர், அயர்லாந்தின் டிப்பரரிக்காரர். அடுத்த ஆண்டு, 1920-ல், ஜலந்தரில் பிரிட்டிஷ் ராணுவத்தின் கன்னாட் ரேஞ்சர்ஸ் படையிலிருந்த ஐரிஷ் சிப்பாய்கள், தங்கள் ஊரில் பிரிட்டிஷ் படை செய்த அட்டூழியத்தைக் கண்டித்துத் துப்பாக்கியைக் கீழே வைத்தார்கள். சோலனில் அவர்களோடு சேர்ந்த ஜேம்ஸ் டாலியை டக்‌ஷாய் சிறையில் சுட்டுக் கொன்றார்கள். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

அயர்லாந்தில் நடந்த மோதல்களைக் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட் மதச்சண்டை என்று சுருக்குவதும் அதே மாதிரி தவறுதான். பைபிளை எப்படிப் படிப்பது என்று அங்கே யாரும் சுட்டுக்கொள்ளவில்லை. நிலம், ஓட்டு, யாருடைய ஆட்சி என்பதுதான் விஷயம். 1798 கிளர்ச்சியின் தலைவர் உல்ஃப் டோன் புராட்டஸ்டன்ட். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அயர்லாந்துக்குத் தன்னாட்சி கேட்ட தலைவர் பார்னெலும் அப்படியே. 1938-ல் பதவியேற்ற முதல் குடியரசுத் தலைவர் டக்ளஸ் ஹைடும் புராட்டஸ்டன்ட்தான். கொடியில் கத்தோலிக்கரைக் குறிக்கும் பச்சைக்கும் புராட்டஸ்டன்ட்களைக் குறிக்கும் ஆரஞ்சுக்கும் நடுவே உள்ள வெள்ளை, இரு தரப்புக்கும் இடையிலான சமாதானத்தைக் குறிப்பது.

செயின்ட் பேட்ரிக் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அவர் பிறப்பால் ஐரிஷ்காரர் அல்ல, ரோமானியர் ஆண்ட பிரிட்டனில் பிறந்து, பதினாறு வயதில் அடிமையாகப் பிடித்துவரப்பட்டவர். பாம்புகளை அவர் விரட்டவில்லை, பனியுகம் முடிந்தபின் அந்தத் தீவுக்குப் பாம்பு வந்ததே இல்லை. மார்ச் 17 அன்று பச்சை உடுத்தி ஆட்டம்போடும் ஊர்வலம் பெரும்பாலும் அமெரிக்காவில் வளர்ந்த வழக்கம். அயர்லாந்தில் பல பத்தாண்டுகள் அன்றைக்கு மதுக்கடைகளைச் சட்டப்படி பூட்டி வைத்தார்கள். கார்ன்ட் பீஃப் என்னும் உப்பிட்ட மாட்டிறைச்சியும் முட்டைக்கோசும் அமெரிக்க ஐரிஷ் குடும்பங்களின் சாப்பாடு, ஊரில் அந்த இடத்தில் இருந்தது உப்பிட்ட பன்றி இறைச்சி.

கடைசியாக, பாதிரிமார் சொல்வதே சட்டமாக இருக்கும் நாடு என்ற பழைய எண்ணம். ஒரு காலத்தில் அது முழுக்கப் பொய்யல்ல. 1995 வரை அங்கே விவாகரத்துக்கே அரசியலமைப்பில் தடை இருந்தது, அந்த ஆண்டு வாக்கெடுப்பில் சுமார் 9,000 ஓட்டு வித்தியாசத்தில்தான் அது நீங்கியது. இருபது வருடம் கழித்து, 2015-ல், ஒருபால் திருமணத்தைப் பொதுவாக்கெடுப்பின் மூலமே ஏற்ற முதல் நாடானது. 2017-ல் பிரதமரான லியோ வரத்கர், தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாக அறிவித்தவர். அவருடைய அப்பா மும்பையிலிருந்து போன டாக்டர்.