அம்பாசிடரில் துரு: ரன்னிங் போர்டை வெட்டிப் புதுத் தகடு வைப்பது

அம்பாசிடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. மோரிஸ் ஆக்ஸ்போர்டு சீரிஸ் 3 காரை அடிப்படையாக வைத்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே வரை செய்துவந்த வண்டி இது. தளம், கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி வடிவ ரன்னிங் போர்டு, குறுக்கு மெம்பர்கள் (குறுக்கே ஓடும் தாங்குச் சட்டங்கள்), தூண்கள் எல்லாம் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டுத்தான் எடையைச் சுமக்கின்றன. அதனால் ரன்னிங் போர்டில் விழுந்த துரு வெறும் அழகுக் குறை அல்ல. அது போனால் வண்டி நடுவில் தொய்யும், கதவு தூக்கித் தூக்கிச் சாத்த வேண்டியதாகும். துருவின் மேலேயே ஒரு தகட்டை ஒட்டி, பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) பூசி, பெயிண்ட் அடித்துத் தரும் வேலை இரண்டு மழைக்காலம்கூடத் தாங்காது. பழைய துரு புதுத் தகட்டுக்கும் பழைய தகட்டுக்கும் நடுவே ஈரத்தைப் பிடித்துவைத்து, இரண்டையும் சேர்த்துத் தின்னும். துருவை மூடக் கூடாது, வெட்டி எடுக்க வேண்டும். மற்ற எல்லா வேலையும் இதிலிருந்துதான் தொடங்குகிறது.

எங்கே பார்ப்பது

பெயிண்டில் சிறு கொப்புளம் தெரிந்தால் உள்ளே அதைப்போலப் பல மடங்கு இடம் போயிருக்கும். இரும்பைவிட அதன் துரு அதிக இடம் பிடிப்பதால், மடிப்புகளுக்குள் உண்டாகும் துரு இரண்டு தகடுகளையும் நெம்பிப் பிரித்துவிடும். மடிப்பு ஓரம் அலை அலையாக வீங்கியிருந்தால் அதுதான் காரணம்.

சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி வண்டி முழுக்க நகர்த்திப் பாருங்கள். பிடிக்காத இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது என்று பொருள். பிறகு ஒரு பழைய ஸ்க்ரூடிரைவரின் பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், போன தகடு மந்தமாகச் சத்தம் தரும். சந்தேகப்பட்ட இடத்தில் நுனியை அழுத்திக் குத்துங்கள். குத்துவதற்குத் தயங்க வேண்டாம், நுனி உள்ளே போகும் தகடு எப்படியும் வெளியேறத்தான் வேண்டும்.

ஜாக்கி வைக்கும் இடங்கள், முன் மட்கார்டின் பின்புறம் சேறு அடையும் மூலை, கதவுகளின் அடி மடிப்பு, மிதியடிக்குக் கீழே உள்ள தளம், டிக்கியின் தளம், பின் லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடம் ஆகியவற்றை விடாமல் பார்க்க வேண்டும். கடைசியாகச் சொன்னதும், முன் டார்ஷன் பாரின் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுக்கிவைத்த எஃகுக் கம்பி) பின்முனை உட்காரும் குறுக்கு மெம்பரும் உயிர் சம்பந்தப்பட்ட இடங்கள். அந்த மெம்பர் போயிருந்தால் டார்ஷன் பாரின் முறுக்கைத் தளர்த்தாமல் அதில் கட்டரை வைக்கவே கூடாது. முறுக்கோடு விடுபடும் பார் கையை முறித்துவிடும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய சென்னை வண்டியாக இருந்தால் ரன்னிங் போர்டுக்குள் வண்டல் தங்கியிருக்கும். வெளியே பளபளப்பாக இருந்தாலும் அடியில் உள்ள வடிகால் ஓட்டையில் கம்பி விட்டுப் பாருங்கள். கம்பியோடு சேறோ செதில் செதிலாகத் துருவோ வந்தால் அந்தப் பெட்டியைத் திறந்துதான் ஆக வேண்டும்.

பற்றவைக்கும் முன்

பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். டிக்கிக்கு அடியில் உள்ள பெட்ரோல் டேங்கை முழுதாக இறக்கி, கொட்டகைக்கு வெளியே வையுங்கள். பெட்ரோல் குழாயை மூடினால் போதும் என்று நினைப்பது தவறு, ஏனென்றால் தீப்பிடிப்பது ஆவி. இருக்கை, மேட், உள்ளே ஒட்டியிருக்கும் தார்ப் பட்டை, ஓடும் வயர்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். தார் தகட்டின் மறுபக்கத்தில் இருப்பதால் புகை வந்த பிறகுதான் தெரியும். தீயணைப்பான் ஒன்றும், ஒரு வாளி தண்ணீரும் எட்டும் தூரத்தில் இருக்கட்டும். வேலை முடிந்து ஒரு மணி நேரம் கழித்து மறுபடி ஒருமுறை மோந்து பார்த்துவிட்டுத்தான் கொட்டகையைப் பூட்ட வேண்டும்.

இன்னொன்றைப் பலரும் அறியாமல் செய்கிறார்கள். பிரேக் கிளீனர் ஸ்ப்ரேக்களில் சில குளோரின் கலந்தவை. அதால் துடைத்த தகட்டில் வெல்டிங் ஆர்க் பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷ வாயு உண்டாகும். தகடு துடைக்க அசிட்டோன் போதும், அதுவும் நன்றாகக் காய்ந்த பின்தான் பற்றவைக்க வேண்டும். துத்தநாகம் பூசிய ஜிஐ தகட்டையும் தவிருங்கள். அதன் துத்தநாகப் புகை அன்றிரவே குளிர்ஜுரம் கொண்டுவரும், வெல்டிங்கும் ஓட்டை ஓட்டையாக விழும்.

முட்டுக் கொடுத்தல்

இங்கே அவசரப்பட்டால் பின்னால் எதுவும் சரியாகாது. ரன்னிங் போர்டை வெட்டியதும் உடம்பு தொய்யும். தொய்ந்த நிலையில் புதுத் தகட்டைப் பற்றவைத்தால் அந்தக் கோணல் அப்படியே நின்றுவிடும். வண்டியைச் சமதளத்தில், முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் தாங்கும்படி ஸ்டாண்டில் வையுங்கள். நடுவில் மட்டும் தாங்கினால் இரு முனையும் கீழே தொங்கும். கதவுகள் மாட்டியிருக்கும்போதே நான்கு பக்க இடைவெளிகளையும் அளந்து, உள்ளே சாக்பீஸால் எழுதிவையுங்கள்.

பிறகு 25 மி.மீ. சதுரக் குழாயைக் கதவுத் திறப்புக்குக் குறுக்கே, முன் தூணிலிருந்து நடுத்தூண் வரைக்கும், நடுத்தூணிலிருந்து பின்தூண் வரைக்கும் பற்றவையுங்கள். ஒவ்வொரு திறப்பிலும் ஒரு மூலைவிட்டக் குழாய் அவசியம், இல்லாவிட்டால் செவ்வகம் சாய்சதுரமாகிவிடும். இடது வலது தூண்களுக்கு நடுவேயும் ஒன்று போடலாம். இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டக் கூடாது. ஒரு பக்கம் முடித்து, கதவு மாட்டி, எழுதிவைத்த இடைவெளியோடு ஒப்பிட்ட பிறகுதான் மறுபக்கம்.

சேஸிஸ் எண் பதித்த இடத்தை எந்தக் காரணத்துக்காகவும் வெட்டவோ, தேய்க்கவோ கூடாது. ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு பொருந்தவில்லை என்றால் பதிவு தொடர்பான சிக்கல் வரும். 50 ஆண்டு கடந்த வண்டிகளுக்கு 2021-ல் வந்த விண்டேஜ் பதிவும் உடம்பு மூலவடிவில் இருப்பதையே எதிர்பார்க்கிறது. ஆகவே ஒவ்வொரு துண்டையும் பழைய மடிப்பின் அளவிலேயே செய்யுங்கள், இரும்புப் பட்டையை வைத்துச் சமாளிக்க வேண்டாம்.

வெட்டுவது, தகடு செய்வது

1 மி.மீ. கட்டிங் வீலால், துரு முடியும் கோட்டிலிருந்து குறைந்தது 25 மி.மீ. தள்ளி, நல்ல தகட்டில் வெட்டுங்கள். நல்லது என்பது வயர் பிரஷ் போட்டதும் குழி இல்லாமல் வெள்ளி நிறமாக வருவது. மூலைகளைச் சற்று வளைவாக வெட்டினால் பற்றவைக்கும்போது சூடு ஓரிடத்தில் தங்காது. இரு தகடுகளைப் புள்ளி புள்ளியாக இணைக்கும் தொழிற்சாலை ஸ்பாட் வெல்டுகளை 8 மி.மீ. ஸ்பாட் வெல்ட் கட்டரால் மேல் தகட்டை மட்டும் துளைத்து விடுவித்தால், அடியில் உள்ள விளிம்பு பிழைத்துக்கொள்ளும். பழைய டிங்கரிங்கில் பித்தளை ஓட்டி ஒட்டியிருந்தால் அந்தப் பித்தளை முழுவதையும் வெட்டியெறிய வேண்டும். துளி மிச்சம் இருந்தாலும் மிக் வெல்டிங் (கம்பி தானாக ஊட்டப்படும் மின் வெல்டிங்) அதன் மேல் வெடித்து விரிசல் விடும்.

தகடு சி.ஆர். தகடுதான், அதாவது குளிர்நிலையில் உருட்டிய எஃகுத் தகடு. வெளித்தோலுக்கு 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மி.மீ. ரன்னிங் போர்டின் உட்புறம், தளம், மெம்பர்களுக்கு 18 கேஜ், 1.2 மி.மீ. பலமாக இருக்கட்டும் என்று 16 கேஜ் போட்டால் கனமான தகடு உருகும் முன்பே பக்கத்து மெல்லிய தகடு ஓட்டையாகிவிடும். முதலில் அட்டையில் அளவு எடுத்து, அதைத் தகட்டில் வரைந்து வெட்டுங்கள். மடிப்புக்குக் கூடுதல் 15 மி.மீ. விடுங்கள். துண்டைத் தற்காலிகமாகப் பொருத்திப் பார்க்கும்போது ஓரத்தில் 0.8 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அதைவிடப் பெரிதானால் இடைவெளியை வெல்டால் நிரப்பாமல் தகட்டை மறுபடி செய்யுங்கள். வெல்டால் நிரப்பிய இடைவெளி முழுக்க இழுத்துச் சுருங்கும்.

பற்றவைத்தல்

மெல்லிய தகட்டுக்கு மிக் வெல்டிங்கில் 0.6 மி.மீ. கம்பி, ஆர்கான் 80 பங்கும் கார்பன் டை ஆக்சைடு 20 பங்கும் கலந்த வாயு, நிமிடத்துக்கு 10 லிட்டர் ஓட்டம். 0.9 மி.மீ. தகட்டில் 40 ஆம்பியரை ஒட்டித் தொடங்குங்கள். இதே தகட்டில் வெட்டி மிஞ்சிய துண்டில் முதலில் ஓட்டிப் பார்த்து, பின்புறம் திருப்புங்கள். வெல்டின் அடி லேசாகப் புடைத்து வந்திருந்தால் ஊடுருவல் சரி. பின்பக்கம் சூட்டு நிறம் மட்டும் இருந்தால் தகடு மேலோட்டமாகத்தான் ஒட்டியிருக்கிறது. வெறும் கார்பன் டை ஆக்சைடு மலிவு, ஆனால் அதன் ஆர்க் சூடானது, பொறியும் அதிகம். தளத்துக்குப் போதும், வெளித்தோலுக்கு வேண்டாம். கேஸ் வெல்டிங்கில் கைதேர்ந்த டிங்கர் நல்ல மூட்டு போடுவார், அந்த வெல்ட் மென்மையாக இருப்பதால் சுத்தியலுக்கும் இணங்கும். ஆனால் சூடு பரவும் அளவு பெரிது, ரன்னிங் போர்டுக்கு அருகில் உள்ள பெயிண்டும் தகட்டின் நேர்த்தியும் போகும்.

மூட்டின் இரு பக்கமும் 30 மி.மீ. வரை பெயிண்டும் துருவும் இல்லாமல் தேயுங்கள். துண்டைப் பிடித்துவைத்து முதல் புள்ளியை நடுவில், அடுத்ததை ஒரு முனையில், பிறகு மறுமுனையில், இப்படி 25 மி.மீ. இடைவெளி வரும்வரை தள்ளித் தள்ளி வையுங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு விநாடிக்கும் குறைவு. டிரிகர் அழுத்தியதும் உருகிய குட்டை வெளுத்துப் பரவி, ஓரத்தைத் தொடும், அந்தக் கணமே விட்டுவிட வேண்டும். அதற்கு மேல் அழுத்தினால் குட்டை நடுவில் குழிந்து கீழே விழும். பின்னால் செம்புத் தகடு ஒன்றைப் பிடித்தால் ஓட்டை விழுவது குறையும், உருகிய எஃகு செம்பில் ஒட்டாது.

ஒரு புள்ளியைச் சுற்றி நீலம் படர்ந்திருந்தால் பக்கத்திலேயே அடுத்ததை வைக்காதீர்கள். முதல் புள்ளியை வெறுங்கையால் தொட முடிந்த பின் அதற்குப் பக்கத்தில் வாருங்கள். தொடர்ந்து ஓட்டுவது சுலபம், ஆனால் நீண்ட கோடாகப் போட்ட வெல்ட் குளிரும்போது சுருங்கி, தட்டையான கதவுப் பலகையைக்கூடத் தொன்னைபோல் இழுத்துவிடும். அப்படி இழுத்துவிட்டால் வெல்டின் மேட்டைத் தேய்த்துவிட்டு, பின்னால் டாலி (தகட்டுக்கு முட்டாகப் பிடிக்கும் கனமான இரும்புக் கட்டி) வைத்து வெல்டின் மேலேயே சுத்தியலால் மெதுவாகத் தட்டுங்கள். தட்டும்போது அந்தச் சுருங்கிய இடம் நீளும். மேட்டைத் தேய்க்கும்போது 60 நம்பர் ஃபிளாப் டிஸ்கை ஓரிடத்தில் நிறுத்தாதீர்கள், நீலம் வந்தால் தகடு கெட்டுக்கொண்டிருக்கிறது.

மடிப்பு மேல் மடிப்பு வரும் இடங்களில் பிளக் வெல்ட் போடுங்கள். மேல் தகட்டில் 6 மி.மீ. ஓட்டை, பழைய ஸ்பாட்டுகள் இருந்த தூரத்துக்கே, சுமார் 30 மி.மீ.க்கு ஒன்று. ஆர்க்கை ஓட்டையின் நடுவில், அடித் தகட்டின் மேல் தொடங்கி, பிறகு ஓரத்தை நோக்கிச் சுற்றுங்கள். மேல் தகட்டின் விளிம்பில் தொடங்கினால் அடியில் ஒட்டாது, தட்டினால் கழன்றுவரும். மூடப்போகும் மடிப்புகளில் துத்தநாக பிரைமர் அடித்து, ஓட்டை இருக்கும் இடத்தை மட்டும் சுரண்டிவிடுங்கள்.

ரன்னிங் போர்டின் உட்தகட்டை முதலில் மாட்டி, தளத்தையும் குறுக்கு மெம்பரையும் அதோடு இணைத்து, வெளித்தகட்டைக் கடைசியாக மூடுங்கள். மூடுவதற்குமுன் கதவைச் சாத்திப் பாருங்கள். அடியில் 10 மி.மீ. வடிகால் ஓட்டைகள் முன், நடு, பின் என்று குறைந்தது மூன்று இருக்க வேண்டும்.

பிரைமர், பட்டி, மெழுகு

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை கடற்கரை ஊர்களில் வெறும் தகடு ஒரே இரவில் செந்நிறமாகும். வியர்வைக் கையின் விரல் பதிந்தாலே அந்த இடம் துருவாகும். அதனால் அன்றன்றைய வெல்டிங்குக்கு அன்றே இரண்டு பகுதி எபாக்சி பிரைமர் அடியுங்கள். ரெட் ஆக்சைடு போதாது, அது ஈரத்தை உள்ளே விடும். தகட்டில் மிஞ்சிய சிறு குழிகளில் பாஸ்பாரிக் அமிலத் துருமாற்றியை மட்டும் பயன்படுத்தலாம், முறைப்படி கழுவி உலர்த்திய பின். மெலிந்துபோன தகட்டை அது காப்பாற்றாது. மூட்டுகளில் இடுக்கை அடைக்கும் சீம் சீலர், வடிகால் ஓட்டைகளை விட்டு.

பட்டி எபாக்சிக்கு மேலேதான், 3 மி.மீ.க்கு மிகாமல். வெறும் தகட்டின் மேல் இட்ட பட்டி ஈரத்தை உறிஞ்சி அடியில் துருவை வளர்க்கும். 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்டனர். சீக்கிரம் காயட்டும் என்று கூடப் போட்டால் பெயிண்டில் கறை ஊறிவரும். 80, 180, 320 என்று உலர்ந்த தாளால் தேயுங்கள். பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், தண்ணீரைப் பட்டிக்கு மேல் அடிக்கும் பிரைமர் சர்பேசருக்கு வைத்துக்கொள்ளுங்கள், 600 நம்பர் வாட்டர் பேப்பரோடு.

பெயிண்ட் முழுதாக இறுகிய பின், வடிகால் ஓட்டை வழியே நீண்ட குழல் விட்டு ரன்னிங் போர்டு, கதவுகளின் அடி, மெம்பர்கள் என எல்லாப் பெட்டிகளுக்குள்ளும் கேவிட்டி மெழுகு அடியுங்கள். வெல்டிங்குக்கு முன் அடித்தால் எரியும். கழிவு எண்ணெய் ஊற்றும் பழைய வழக்கம் கதவு ஓர ரப்பர் பீடிங்கையும் ரப்பர் புஷ்களையும் ஊதவைக்கும். மெழுகு ஒரு நாள் சொட்டும். சொட்டு நின்றதும் கம்பியால் ஓட்டைகளைத் திறந்துவிடுங்கள். ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கு முன்பும் அதே கம்பியை அதே ஓட்டைகளில் விட்டுப் பாருங்கள். வருவது மெழுகு மட்டுமாக இருக்க வேண்டும்.