பெரிய செவன் செக்மென்ட் டிஸ்பிளேயை ஆர்டுயினோவில் இணைக்கிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

அரை அங்குல டிஸ்பிளேயில் எண்களை ஓடவிட்டுப் பழகியவர்கள் 4 அங்குலத்துக்குப் போகும்போது அதே சர்க்யூட் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள். சின்னதில் ஒரு செக்மென்டுக்கு (எண்ணை உருவாக்கும் ஏழு ஒளிக்கோடுகளில் ஒன்று) ஒரே எல்இடி. சிவப்பு என்றால் 2 வோல்ட் போதும். பெரியதில் பெரும்பாலும் நான்கைந்து எல்இடிகள் தொடராகக் கோக்கப்பட்டிருக்கும். நான்கு என்றாலே 8 வோல்ட் ஆகிவிடும். ஆர்டுயினோவின் 5 வோல்ட்டில் அது எரியாது, மல்டிமீட்டரின் டயோடு சோதனையிலும் எரியாது. உடனே டிஸ்பிளே கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். 12 வோல்ட் சப்ளையோடு 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடரில் வைத்து ஒரு செக்மென்டை எரியவிட்டு, அதன் இரு முனைகளுக்கு இடையே வோல்ட்டேஜை அளந்து பாருங்கள். அந்த எண் கையில் இல்லாமல் புரோகிராம் கோடு எழுத உட்காரவே வேண்டாம்.

8 வோல்ட் வந்தது என்று வைத்துக்கொள்வோம். 12-இல் மீதி 4 வோல்ட்டை ரெசிஸ்டர் எடுத்துக்கொள்ள வேண்டும். 20 மில்லி ஆம்பியருக்கு 200 ஓம். கடையில் 220 கிடைக்கும், அது போதும். எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் தசமப் புள்ளிக்குள் பல டிஸ்பிளேக்களில் இரண்டே எல்இடிதான் இருக்கும். அதற்கும் 220 போட்டால் கிட்டத்தட்ட 36 மில்லி ஆம்பியர் பாயும். 390 அல்லது 470 போடுங்கள். ரெசிஸ்டரை மிச்சம் பிடிக்க எல்லா செக்மென்டுக்கும் பொதுவான காமன் பின்னில் ஒன்றே ஒன்று வைத்தால் ‘1’ பளிச்சென்றும் ‘8’ மங்கலாகவும் தெரியும்.

அடுத்தது மின்னோட்டம். ‘8’ எரிய ஏழு செக்மென்டுக்கு 140 மில்லி ஆம்பியர் வேண்டும். செக்மென்டுகளை இயக்க வழக்கமாகப் போடும் ஷிஃப்ட் ரெஜிஸ்டரான 74எச்சி595 சிப் மொத்தமாகத் தாங்குவதே 70 மில்லி ஆம்பியர்தான். அதற்குப் பதில் டிபிஐசி6பி595 வாங்குங்கள்: ஒவ்வொரு அவுட்புட்டும் 50 வோல்ட், 150 மில்லி ஆம்பியர் தாங்கும், கோடும் ஏறக்குறைய அதேதான். ஆனால் இதற்கு 20 கால்கள், வரிசையும் வேறு. தவிர, இது மின்னோட்டத்தைக் கீழே இழுக்க மட்டுமே செய்யும் என்பதால் டிஸ்பிளே காமன் ஆனோடாக (எல்லா எல்இடிகளின் பாசிட்டிவ் முனையும் ஒன்றாக இணைந்த வகை) இருக்க வேண்டும். சின்ன டிஸ்பிளேக்களுக்குப் பலரும் போடும் டிரைவரான மேக்ஸ்7219 5 வோல்ட் சிப்; இந்த வேலைக்கு நேரடியாக ஆகாது.

ரொம்பப் பேர் ஆர்டுயினோ பலகையைப் பலிகொடுக்கும் இடம் ஒன்று உண்டு. மல்டிபிளெக்ஸ் செய்ய (இலக்கங்களை ஒவ்வொன்றாக வேகமாக மாற்றி மாற்றி எரியவிட) காமன் ஆனோடில் பிஎன்பி டிரான்சிஸ்டர் போட்டு, பேஸை ரெசிஸ்டர் வழியாக நேரே ஆர்டுயினோ பின்னுக்குக் கொடுப்பார்கள். எமிட்டரில் 12 வோல்ட் இருக்கிறது. பின் 5 வோல்ட் காட்டினாலும் டிரான்சிஸ்டர் அணையாது, பின்னுக்குள்ளும் மின்னோட்டம் தலைகீழாகப் புகும். பேஸுக்கும் பின்னுக்கும் நடுவில் ஒரு என்பிஎன் டிரான்சிஸ்டர் கட்டாயம். என்னைக் கேட்டால் பெரிய டிஸ்பிளேக்கு மல்டிபிளெக்ஸே வேண்டாம். நான்கு இலக்கம் என்றால் ஒவ்வொன்றும் கால்வாசி நேரம்தான் எரியும். தூரத்திலிருந்து பார்க்க வைக்கும் பலகைக்கு அந்த வெளிச்சம் பற்றாது. இலக்கத்துக்கு ஒரு சிப் வைத்துவிடலாம்.

12 வோல்ட் சப்ளையின் கிரவுண்டையும் ஆர்டுயினோ கிரவுண்டையும் இணைக்க மறக்காதீர்கள். ஆனால் டிஸ்பிளேயின் மின்னோட்டம் மெல்லிய ஜம்பர் வழியே ஆர்டுயினோ பலகையைச் சுற்றி வரக்கூடாது. தடித்த கம்பியில் நேரே சப்ளைக்குப் போகட்டும். ஒவ்வொரு சிப்பின் 5 வோல்ட் கால் அருகிலும் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று.

அப்புறம், சுவிட்ச் போட்டதும் கண்டபடி எண் மின்னுகிறதா? சிப்பின் ‘ஜி’ காலை (அவுட்புட்டுகளைத் திறந்து மூடும் கால்) 10 கிலோ ஓம் வழியாக 5 வோல்ட்டுக்கு இழுத்து வையுங்கள். சுழியங்களை அனுப்பி முடித்த பிறகு கோடிலிருந்து அதை லோ ஆக்குங்கள்.