சர்வரை அழித்த பிறகும் வந்த பில்

சோதனைக்காக எடுத்த கிளவுட் சர்வரை (இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் கணினி) அழித்து மூன்று மாதமாகியும் கார்டில் 600 ரூபாய் சொச்சம் போய்க்கொண்டே இருந்தது. கணக்கை நிர்வகிக்கும் பக்கமான கன்சோலில் எதுவுமே இல்லை. யாராவது புகுந்துவிட்டார்களோ என்று பாஸ்வேர்டை மாற்றி, லாகின் பதிவுகளைத் துழாவினேன். கார்டை முடக்கியதில் பாக்கிதான் ஏறியது. அதை மட்டும் செய்யாதீர்கள்.

கடைசியில் பில்லை ரீஜன் (சர்வர்கள் இருக்கும் இடம்) வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். நான் தேடியது மும்பையில், செலவு சிங்கப்பூரில்! கன்சோல் ஒரு நேரத்தில் ஒரு ரீஜனைத்தான் காட்டுகிறது. மேல் மூலையில் அதை மாற்றியதும், சர்வரோடு அழியாத 30 ஜிபி டிஸ்க்கும் எதிலும் இணைக்காத நிலையான ஐபி முகவரியும் (இணையத்தில் சர்வரை அடையாளம் காட்டும் மாறாத எண்) கண்ணில் பட்டன. ஐபி சும்மா கிடந்தாலும் மணிக்கு இவ்வளவு என்று காசு ஏறும். டிஸ்க்கை அழித்தேன், ஐபியை ரிலீஸ் செய்தேன். அடுத்த மாத பில் பூஜ்யம். அப்பாடா!