ஒரு கட்டி என்றால் ஒரு விண்மீன் அல்ல

போன வாரம் இரண்டு மாணவர்கள் தங்கள் முதல் வரைபடத்தைக் கொண்டுவந்தார்கள். மில்லிமீட்டர் அலையில் எடுத்த மூலக்கூறு மேகம் (விண்மீன்கள் பிறக்கும் குளிர்ந்த வாயுவும் தூசியும்), நடுவில் பளிச்சென்று ஒரு கட்டி. "நூறு சூரிய நிறை இருக்கு மேடம், பெரிய விண்மீன் ஒண்ணு பிறக்கப்போகுது" என்றார்கள். பத்து வருடத்துக்கு முன் நானும் இதையேதான் சொன்னேன். அலகு மாற்றுவதில் வரும் பிழைகளை அவர்களே பிடித்துவிடுவார்கள். தானாகப் பிடிபடாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

கட்டியைப் பார்த்து விண்மீனை எண்ணுவது

விண்மீன்கள் பிறக்கும் டபிள்யூ43-எம்எம்1 என்ற பகுதி சுமார் 18,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. ஸ்பெயினில் உள்ள 30 மீட்டர் தொலைநோக்கி 1.2 மில்லிமீட்டர் அலையில் சுமார் 11 ஆர்க்செகண்டுக்குக் (ஒரு ஆர்க்செகண்ட் என்பது ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு) கீழே பிரித்துப் பார்க்காது. அந்தத் தொலைவில் 11 ஆர்க்செகண்ட் என்பது 60,000 வானியல் அலகு, அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைப் போல் 60,000 மடங்கு. நெப்டியூனே சூரியனிலிருந்து 30 அலகுதான்! அதே பகுதியைச் சிலியின் ஆல்மா தொலைநோக்கி வரிசை கூர்ந்து பார்த்தபோது 131 கருக்கள், அதாவது விண்மீன் உருவாகும் அடர்ந்த சிறு துண்டுகள், தெரிந்தன. 2018-ல் வெளியான முடிவு அது.

உடைவதில் ஆச்சரியமில்லை. ஈர்ப்பை அழுத்தம் எதுவரை தாங்கும் என்று 1902-லேயே ஜேம்ஸ் ஜீன்ஸ் கணக்குப் போட்டார். கன சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் மூலக்கூறு, 10 முதல் 20 கெல்வின் என்றால், தாங்கும் நிறை ஓரிரு சூரியன்தான். நூறு சூரிய நிறை ஒரே துண்டாக நிற்கிறது என்றால், கொந்தளிப்போ காந்தப்புலமோ, பக்கத்தில் ஏற்கெனவே பிறந்த விண்மீன்களின் சூடோ அதைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். எது என்று அளந்து காட்டுங்கள். ஊகித்துவிட்டுப் போகாதீர்கள்.

நான் ஊகித்தேன். இரண்டரை மாதம் உட்கார்ந்து கட்டுரை எழுதினேன், அடுத்த தொலைநோக்கி நேரத்துக்கும் அதை நம்பியே விண்ணப்பித்தேன். அப்புறம் கூர்மையான தரவு வந்தது. கட்டி நான்காகப் பிரிந்திருந்தது, பெரியது பத்து சூரிய நிறைகூட இல்லை. ஒரு வருடம் போயிற்று. இன்றும் உறுத்துவது, அதைத் தவிர்க்க ஐந்து நிமிடம் போதும் என்பதுதான். தொலைநோக்கி எவ்வளவு சிறியதைப் பிரித்துக் காட்டும் என்று சொல்ல, படத்தின் மூலையில் ஒரு சின்ன நீள்வட்டம் இருக்கும். அதன் அளவைத் தூரத்தால் பெருக்கி, வானியல் அலகில் பென்சிலால் பக்கத்தில் எழுதுங்கள். ஐந்தாயிரத்தைத் தாண்டினால் "ஒரு விண்மீன்" என்ற வார்த்தையை எடுக்காதீர்கள்.

இன்னொன்று, கரு மூடிய பெட்டி அல்ல. இழைகள் வழியே வெளியிலிருந்து வாயு வந்து சேர்ந்துகொண்டே இருக்கும். இன்றைய நிறையை வைத்து நாளைய விண்மீனின் எடையைச் சொல்ல முடியாது.

எல்லாவற்றுக்கும் 20 கெல்வின்

தூசியின் பிரகாசத்திலிருந்து நிறையைக் கணக்கிட வெப்பநிலை வேண்டும், பலரும் 20 கெல்வின் என்று வைத்துக்கொள்வார்கள். உள்ளே விண்மீன் சூடேற்றி 50 கெல்வின் ஆகியிருந்தால், 1.3 மில்லிமீட்டரில் நீங்கள் போடும் நிறை மூன்று மடங்கு அதிகம். குளிர்ந்த இடத்துக்கு அமோனியா, சூடான இடத்துக்கு மெத்தில் சயனைடு என்று அந்தந்த மூலக்கூறின் நிறமாலைக் கோடுகளை வைத்து வெப்பநிலையை எடுங்கள்.

தூரம்

கணக்கிடும் நிறை தூரத்தின் வர்க்கமாக மாறும். 3 கிலோபார்செக்கா (ஒரு கிலோபார்செக் சுமார் 3,260 ஒளியாண்டு) 12-ஆ என்று தெரியாவிட்டால் நிறையில் 16 மடங்கு பிழை.

அகச்சிவப்பில் இருட்டு என்பதால் காலி என்று எழுதுவது

தூசி அடர்ந்திருந்தால் உள்ளே பிறந்த விண்மீனின் ஒளி வெளியே வராது, ஆனால் அது வீசும் வாயு வரும். அதனால் அந்த மாணவர்களிடம் அப்படி வீசும் வாயு மோதும் இடத்தைக் காட்டும் சிலிக்கன் மோனாக்சைடு தரவைத் திறக்கச் சொன்னேன். கோட்டின் இருபுறமும் அகலமாகச் சிறகு விரிந்திருந்தது. நீலப் பக்கத்தையும் (நம்மை நோக்கி வரும் வாயு) சிவப்புப் பக்கத்தையும் (விலகிச் செல்லும் வாயு) தனித்தனியாகப் படமாக்கியபோது, ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் இரண்டு பாய்ச்சல்கள். அந்த ஒற்றைக் கட்டிக்குள் ஏற்கெனவே குறைந்தது இரண்டு பேர் பிறந்திருக்கிறார்கள்.